குப்பிக்குள் சூரியன்

மாயக் கதைகள் என்றால் முற்போக்கு எண்ணம் கொண்டோர் சற்று விலகி நிற்பதே வழக்கம். மந்திரவாதியும் பூதமும் பறக்கும் கம்பளமும் மக்களை மயக்கத்தில் ஆழ்த்த வந்த சரக்குகள் என்ற கருத்து நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அக்கருத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், குழந்தைகளுக்கென எழுதப்பட்ட மாயக் கதையொன்று, பெரியவர்களின் பொருளாதாரப் பேருரைகள் பல சொல்லத் தவறிய ஒன்றைச் சில வேளைகளில் வெகு எளிதாகச் சொல்லிவிடுகிறது. அத்தகைய ஒரு கதையைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன். அது ஏட்டில் வந்த கதையன்று. அரை நூற்றாண்டுக்கு முன்னர் இங்கிலாந்தின் தொலைக்காட்சியில் சிறுவர்களுக்காக ஒளிபரப்பான ஒரு தொடரின் முதற் பகுதி. மாத்தளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கும் எனக்கு அதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரை அமைகிறது.

தொடரின் பெயர் ‘கேட்வீசில்’. லண்டன் வீக்கெண்ட் தொலைக்காட்சி நிறுவனம் தயாரித்த இத்தொடர் 1970 பெப்ரவரி 15ஆம் திகதி தொடங்கி, 1971 வரை இரண்டு பருவங்களில் 26 பகுதிகளாக வெளிவந்தது. எழுதியவர் ரிச்சர்ட் கார்ப்பெண்டர். நாயகனாக நடித்தவர் ஜெஃப்ரி பெய்ல்டன். ஏழைகளின் பக்கம் நின்ற ரொபின் ஹூட்டின் கதையை 1984இல் தொலைக்காட்சிக்குப் புதிதாக எழுதியவரும் இதே கார்ப்பெண்டர்தான். கேட்வீசிலின் முதற் பகுதிக்கு அவர் இட்ட தலைப்பைத் தமிழில் ‘குப்பிக்குள் சூரியன்’ எனலாம். ‘போத்தல்’ என்று எழுதினாலும் பொருள் மாறாதுதான். ஆனால் ‘குப்பி’ என்ற சொல்லுக்கு எங்கள் லயங்களில் வேறொரு வரலாறு உண்டு. அதனால் அந்தச் சொல்லையே தேர்ந்தேன்.

கதை பதினோராம் நூற்றாண்டில் தொடங்குகிறது. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்று ஆளத் தொடங்கிவிட்டனர். தோற்ற சாக்சன் இனத்தைச் சேர்ந்த ஒரு கிழட்டு மந்திரவாதிதான் கேட்வீசில். கந்தல் உடை, சடை பிடித்த தாடி, மிரண்ட கண்கள், துணைக்கு ஒரு தேரை. அவனுடைய மந்திரங்கள் பெரும்பாலும் பலிப்பதில்லை. நோர்மானியப் படைவீரர் துரத்த, உயிருக்கு அஞ்சி ஓடுகிறவன் மந்திரத்தைச் சொல்லித் தண்ணீரில் பாய்கிறான். அன்றைக்குப் பார்த்து மந்திரம் ஒரு வகையில் பலித்துவிடுகிறது. தண்ணீரிலிருந்து தலை தூக்கும்போது 900 ஆண்டுகள் கடந்துவிட்டன. இருபதாம் நூற்றாண்டின் விவசாயப் பண்ணை ஒன்றில் அவன் வந்து சேர்கிறான். பண்ணைக்காரரின் மகன், ‘கேரட்’ என்று செல்லமாக அழைக்கப்படும் எட்வர்ட் என்னும் சிறுவன், அவனைக் கண்டுபிடிக்கிறான். ஆளியைத் தட்டியதும் எரியும் மின்குமிழைக் கண்டு கிழவன் நடுங்கிப் போகிறான். சூரியனைப் பிடித்துக் குப்பிக்குள் அடைத்துவிட்டார்கள் என்பதே அவனுடைய முடிவு. இத்தனை பெரிய வித்தையை விரல் நுனியில் வைத்திருக்கும் அந்தச் சிறுவன், அவன் கண்ணுக்குத் தன்னினும் பெரிய மந்திரவாதியாகத் தோன்றுகிறான்.

இதை நான் முதன்முதலாகப் பார்த்தது சுமார் 15 ஆண்டுகளுக்கு முன்பு. லண்டனில் குடியேறிய பழைய மாணவர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது, என் பிள்ளைகளுக்கென இறுவட்டு ஒன்றைக் கொண்டு வந்தார். வீட்டில் எல்லோரும் கூடியிருந்து பார்த்தோம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போது எழுபது வயதைத் தாண்டியிருந்த என் அம்மா மாத்திரம் சிரிக்கவில்லை. ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர் அவர். ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியாதவர். திரையில் நடப்பதைக் கண்ணால் மட்டுமே விளங்கிக்கொண்டிருந்தார்.

“என்னத்துக்குப் புள்ளைகளா சிரிக்கிறீங்க? அந்த மனுசனுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கலையே” என்றார்.

பிறகு அவரே சொன்னார். பத்து வயதில் துரையின் பங்களாவுக்குக் குசினி வேலைக்கு உதவியாக அவரை அனுப்பினார்களாம். முதல் நாள் மாலை சுவரில் எதையோ தட்டியதும் கூரையிலிருந்து வெளிச்சம் கொட்டியது. பயந்து போய், இது என்ன என்று சமையற்கார அப்புவைக் கேட்டிருக்கிறார். “அது தொரையோட மந்திரம். தொட்டா கையி கருகிப் போகும்” என்பதே அவருக்குக் கிடைத்த பதில். அந்த அப்புவைக் குறை சொல்லவும் வழியில்லை. அவருக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள்.

அண்மையில், அம்மா மறைந்து சில ஆண்டுகள் கழிந்த நிலையில், அதே பகுதியைத் தனியாக அமர்ந்து மீண்டும் பார்த்தேன். பெய்ல்டனின் நடிப்பு இப்போதும் புதுமையாகவே இருக்கிறது. உடம்பு முழுவதும் அச்சமும் ஆவலும் மாறி மாறி ஓடுகின்றன. ஆனால் இம்முறை என் கண் சிறுவன் கேரட்டின் மீதே நிலைத்தது. அவன் நல்ல பிள்ளை. ஊருக்குத் தெரிந்தால் கிழவனுக்குத் துன்பம் வரும் என்று அவனை மறைத்துக் காப்பாற்றுகிறான், பரிவு காட்டுகிறான். ஆயினும் மின்குமிழ் எப்படி எரிகிறது என்பதை மட்டும் அவன் சொல்வதில்லை. மின்சாரம் என்ற பெயர்தான் கிழவனின் காதில் விழுகிறது. அதைக்கூட அவன் மாயவித்தை என்ற சொல்லோடு ஒட்டித் தன் போக்கில் திரித்துக்கொள்கிறான். பெயர் கிடைத்தது, விளக்கம் கிடைக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் அத்தொடரின் நகைச்சுவை முழுவதும் பிறக்கிறது. எங்கள் மக்களின் துன்பத்தில் ஒரு பெரும் பகுதியும் அதே இடைவெளியில்தான் பிறந்தது.

இனிக் குப்பிக்கு வருவோம். எங்கள் லயத்துக் காம்பிராக்களிலும் குப்பிக்குள் வெளிச்சம் இருந்தது. மருந்துக் குப்பியோ மைக்கூடோ கையில் அகப்பட்டதை எடுத்து, மூடியில் துளையிட்டு, பழந்துணித் திரியைச் செருகி, மண்ணெண்ணெய் ஊற்றினால் அதுதான் குப்பி விளக்கு. ஒரு காம்பிராவுக்கு ஒரு விளக்கு. அதன் ஒளியில்தான் சோறு பொங்கியது; பிள்ளை பிறந்தது; பிணம் கிடத்தப்பட்டது; என் போன்றோர் பாடம் படித்ததும் அதே ஒளியில்தான். காலையில் எழுந்தால் மூக்கினுள் கரி படிந்திருக்கும்.

இதே வேளையில், கூப்பிடு தூரத்தில் ஸ்டோர் என்று நாங்கள் அழைக்கும் தேயிலைத் தொழிற்சாலை இரவெல்லாம் ஒளி வீசிக்கொண்டிருந்தது. மலையகத் தோட்டங்கள் நூற்றுக்கணக்கானவற்றில், மலையோடைகளை வாய்க்கால் வெட்டித் திருப்பி, குழாய் வழியே கீழே பாய்ச்சி, சுழலியைச் சுற்ற வைத்து மின்சாரம் எடுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே இது பரவலாக இருந்த ஏற்பாடு. அந்த மின்சாரம் கொழுந்தை உருட்டும் இயந்திரத்தை ஓட்டியது. பங்களாவின் வரவேற்பறையை ஒளிரச் செய்தது. வாய்க்காலை வெட்டியவன் குடியிருந்த லயத்துக்கு மாத்திரம் கம்பி இழுக்கப்படவில்லை. தூரம் அதற்குத் தடையாக இருந்திருக்க முடியாது. தேயிலை இருட்டில் கெட்டுவிடும். தொழிலாளி இருட்டிலும் விடியற்காலைப் பெரட்டுக்கு வந்து நிற்பான். கணக்கு அவ்வளவுதான்.

நாடு சுதந்திரம் பெற்ற பின்னரும் இக்கணக்கு உடனே மாறிவிடவில்லை. 1976இல் கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்டு, ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமான சுரங்கத்தின் வழியே மாத்தளைப் பக்கம் திருப்பப்பட்டது. உக்குவளையில் அந்நீர் விழுந்து, ஏறத்தாழ 40 மெகாவாட் மின்சாரம் தந்து, சுது கங்கையில் கலந்தது. 1981இல் அதே நீர் கீழே போவதென்னையில் இன்னொரு முறை சுழலியைச் சுற்றியது. வடக்கே வயல்கள் செழித்தன. நகரங்கள் ஒளி பெற்றன. இவை நாட்டின் பெருஞ் சாதனைகள் என்பதில் ஐயமில்லை. மலையைக் குடைந்தவர்களின் உழைப்புக்கு நான் தலை வணங்குகிறேன். ஆயினும், உக்குவளையிலிருந்து புறப்பட்ட உயர் மின்கம்பிகள் தலைக்கு மேலே சென்ற தோட்டங்களில், அந்த மின்கம்பிகளுக்குக் கீழேயே நாங்கள் குப்பி விளக்கை ஏற்றி வைத்துப் படித்தோம். மழை நாட்களில் கம்பியிலிருந்து ஒரு ரீங்காரம் கேட்கும். மின்சாரத்தைப் பற்றி எங்களுக்கு முதலில் தெரிந்தது அந்த ஓசைதான்.

குப்பி விளக்கு வறுமையின் சின்னமாக மட்டும் இருக்கவில்லை. ஆளைக் கொல்லும் பொருளாகவும் இருந்தது. உயரமான மெல்லிய குப்பி சிறு கை பட்டாலும் சாய்ந்துவிடும். சாய்ந்தால் எண்ணெய் கொட்டும். கொட்டிய எண்ணெயில் தீ பரவும். இவ்வாறு வெந்து போன குழந்தைகளையும் பெண்களையும் இலங்கை மருத்துவமனைகள் ஆண்டாண்டாகக் கண்டு வந்தன. அத்தகையோருக்குச் சிகிச்சை அளித்த அறுவை மருத்துவர்களுள் விஜய கொடகும்புர என்பவர் ஒருவர். புண்ணுக்கு மருந்திடுவதோடு தம் கடமை முடிந்தது என்று அவர் கருதவில்லை. விபத்தின் வேர் குப்பியின் வடிவத்தில் இருக்கிறது என்று கண்டார். 1992இல் அவர் வடிவமைத்த விளக்கு குட்டையானது, தடித்த கண்ணாடியால் ஆனது, கனமானது. உருண்டு ஓடாதபடி அதன் இரு பக்கங்கள் தட்டையாக இருக்கும். எண்ணெய் சிந்தாதபடி மூடியைத் திருகி இறுக்கலாம். பழைய கண்ணாடியை உருக்கியே அதனைச் செய்தார்கள். ‘சுதீப’ என்று அதற்குப் பெயர். 1998இல் இப்பணிக்காக ரோலெக்ஸ் நிறுவனத்தின் சர்வதேச விருது அவருக்குக் கிடைத்தது.

இதில் மாயம் ஏதுமில்லை. புவியீர்ப்பு மையம் தாழ்ந்திருந்தால் பொருள் எளிதில் சாயாது என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. அந்த விதியை ஏழையின் காம்பிராவுக்குக் கொண்டு சென்றதே அவர் செய்த செயல். சூரியனைக் குப்பிக்குள் அடைத்த விஞ்ஞானத்தைக் கண்டு கேட்வீசில் வியந்தான். குப்பியையே திருத்திய விஞ்ஞானத்தைக் கண்டால் என் அம்மா போன்றோர் வியந்திருக்கமாட்டார்கள். ‘இது நமக்காகச் செய்தது’ என்று உடனே புரிந்துகொண்டிருப்பார்கள். விஞ்ஞானம் மக்களுடையதாகும்போது வியப்பு நீங்கி உரிமை பிறக்கிறது.

900 ஆண்டுகளை ஒரே பாய்ச்சலில் கடந்தவனின் கதை நமக்கு அந்நியமானதன்று. 1840களில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது, தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து பஞ்சத்தால் விரட்டப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கினார்கள். தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் மாத்தளையை நோக்கி நடந்தார்கள். கொலராவும் காய்ச்சலும் பசியும் வழி நெடுகிலும் அவர்களைத் தின்றன. 1880இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. அதற்கு முன் வந்தவர்களின் எலும்புகள் அந்தச் சாலையோரத்தில்தான் கிடக்கின்றன. எஞ்சி வந்தவர்கள் கண் விழித்துப் பார்த்தபோது, ஏரும் மாடும் பருவமழையும் அறிந்த அவர்கள், மணியோசைக்கு எழுந்து, செக்ரோலில் பெயராக மாறி, உலகச் சந்தைக்கு விளைவிக்கும் ஒரு பெரும் இயந்திரத்தினுள் நின்றிருந்தார்கள். கேட்வீசிலின் பாய்ச்சலைவிடச் சிறியதா இது? கேட்வீசிலை ஒளித்து வைத்துக் காப்பாற்ற ஒரு பிள்ளை இருந்தான். எங்கள் முப்பாட்டன்மாரை வரவேற்க ஒரு கணக்குப் புத்தகம்தான் இருந்தது.

அந்தக் கணக்குப் புத்தகத்தில்தான் உண்மையான மாயவித்தை நடந்தது. ‘துண்டு’ என்று ஒரு சீட்டு இருந்ததை முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கங்காணியும் அவனுடைய ஆட்களும் பட்ட கடனை அதில் எழுதுவார்கள். அந்தத் தொகையை வேறொரு தோட்டம் கட்டினால் ஆட்கள் அங்கே மாற்றப்படுவார்கள். ஒரு துண்டுக் காகிதம் மலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நூறு பேரைப் பெயர்த்துவிடும். எந்த மந்திரவாதிக்கு இந்த ஆற்றல் உண்டு? அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பெயர்க்கப்பட்டவர்களுள் எவரும் அறியார். 1921இல் இம்முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

ஆனால் காகித மாயம் அதோடு ஒழியவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவராக்கியது. 1949இன் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோர், தம்மால் வாசிக்க முடியாத படிவங்களில் கைந்நாட்டு வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பெரும்பாலோருக்கு இல்லை என்ற பதிலே வந்தது. 1964இல் இரு பிரதமர்கள் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேர் இலங்கைக்கென்றும் பங்கிடப்பட்டனர். இங்கிலாந்துப் பிள்ளைகள் கேட்வீசிலைக் கண்டு சிரித்த அந்த 1970இல், மாத்தளைத் தோட்டங்களில் பலருடைய வாழ்வு அந்த ஒப்பந்தத்தின் கீழ் எழுந்த பட்டியல்களில் தொங்கிக்கொண்டிருந்தது. சொந்த ஊருக்குத் திரும்ப வழி தேடித் தவித்தவன் கேட்வீசில். எங்கள் மக்களோ, பிறந்த மண்ணிலிருந்து கண்டறியாத ‘சொந்த ஊருக்கு’ அனுப்பப்பட்டார்கள்.

இவ்வித மாயத்தை முறிக்கும் வழி எது என்பதைக் காட்டியவர்களும் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். கோ. நடேசையர், அந்நியர் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் துணி வியாபாரியாக வேடமிட்டு நுழைந்தவர். ‘தேசபக்தன்’ பத்திரிகையை நடத்தியவர். துரைமாரின் அறைகளில் பூட்டிக் கிடந்த சட்டங்களைத் தொழிலாளிக்கு விளங்கும் தமிழில் எடுத்துச் சொன்னவர். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் அவற்றையே பாட்டாகப் பாடினார். சட்டம் தன் மொழியில் ஒலித்தபோது, அதுவரை தலையெழுத்து என்று எண்ணியிருந்ததைத் தொழிலாளி கேள்வி கேட்கத் தொடங்கினான். பங்களா அப்பு சொன்ன பதிலுக்கும் நடேசையர் சொன்ன பதிலுக்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர்களாகிய நாம் ஒருபோதும் மறக்கலாகாது.

சிலர் மறுத்துரைக்கக்கூடும். பிள்ளைகள் சிரித்து மகிழ எழுதிய கதையின் தலையில் இத்தனை பாரத்தை ஏற்றுவது நியாயமா என்று கேட்கக்கூடும். கார்ப்பெண்டர் மலையகத்தை நினைத்து எழுதவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு படைப்பு எவர் கையில் சேர்கிறதோ அவருடைய வாழ்க்கையின் வெளிச்சத்தில்தான் அது வாசிக்கப்படும். பிறந்தது முதல் ஆளியைத் தட்டிப் பழகிய பிள்ளைக்குக் கிழவன் கோமாளியாகத் தெரிகிறான். ஆளி இல்லாத வீட்டில் பிறந்தவருக்கு அவன் ஓர் உறவினனாகத் தெரிகிறான். இரண்டுமே அப்படத்தில் இருப்பவைதாம்.

மேலும், கேட்வீசில் மூடனல்லன். ஏழாவது பகுதியில் தொலைபேசி அவனுக்குப் ‘பேசும் எலும்பு’ ஆகிறது. புதியதொன்றைக் கண்டால் அவன் முதலில் அஞ்சுகிறான். பிறகு உற்று நோக்குகிறான். பிறகு தனக்குத் தெரிந்தவற்றைக் கொண்டு அதற்கு ஒரு பெயர் சூட்டுகிறான். விஞ்ஞானத்தின் முதற்படியும் இதுவே அன்றோ? எங்கள் மக்களும் இதைத்தான் செய்தார்கள். பரேட்டைப் பெரட்டு ஆக்கினார்கள்; காலனி ஆட்சியோடு வந்து சேர்ந்த சொற்களிலிருந்து காம்பிராவையும் இஸ்தோப்பையும் உண்டாக்கிக்கொண்டார்கள். நோய் வந்தால் கோடாங்கியை அழைத்து உடுக்கடிக்கச் சொன்னார்கள் என்று படித்தவர்கள் ஏளனம் செய்வதுண்டு. மருத்துவர் பத்து மைலுக்கு அப்பால் இருந்தார். கோடாங்கி அடுத்த லயத்தில் இருந்தான் என்பதை அந்த ஏளனம் கணக்கில் எடுப்பதில்லை. மூடநம்பிக்கையை எதிர்ப்பது நம் கடமை. அதை நம்பியிருப்போரைப் பார்த்துச் சிரிப்பது அக்கடமையின் பகுதியாகாது.

இன்று லயங்கள் பெரும்பாலானவற்றில் மின்சாரம் இருக்கிறது. கையடக்கத் தொலைபேசி இல்லாத வீடு அரிது. அப்படியானால் மாயம் ஒழிந்ததா? என் வகுப்பறை ஒழியவில்லை என்கிறது. மின்னோட்டத்தைப் பற்றிக் கேட்டால் ஓமின் விதியை ஒரே மூச்சில் ஒப்புவிக்கும் பிள்ளைகள் உண்டு. ஒரு மின்கலத்தையும் இரு கம்பித் துண்டுகளையும் ஒரு டோர்ச் மின்குமிழையும் கையில் கொடுத்து, எரியச் செய் என்றால் திகைத்து நிற்கிறார்கள். அவர்களுக்கு அந்த விதி ஒரு மந்திரம். பரீட்சை மண்டபத்தில் பிழையின்றி உச்சரித்தால் பலிக்கும், வெளியே பயன்படாது. இது பிள்ளைகளின் குற்றமன்று. தோட்டப்புறப் பாடசாலைகளுக்கு விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் போதிய அளவில் கிடைக்காத நிலை பல்லாண்டுகளாகத் தொடர்ந்து வருகிறது. செய்து பார்க்க வழியில்லாத இடத்தில் விஞ்ஞானம் மனப்பாடமாகிறது. மனப்பாடமான விஞ்ஞானம் மந்திரமாகிறது.

சென்ற தவணையில் ஒருநாள், பலமுறை முயன்ற பின் ஒரு மாணவி மின்குமிழை எரிய வைத்தாள். கம்பி ஒரு வட்டமாக முடிந்தால்தான் எரியும் என்பதை அவளே கண்டுபிடித்தாள். மகிழ்ச்சி அடங்கியதும் அவள் கேட்டாள்: “சேர், எங்க லயத்துல ராத்திரியானா பல்பு மங்கிப் போகுதே, அது ஏன்?” ஒரே பழைய கம்பியில் பல காம்பிராக்கள் தொங்குவதைப் பற்றியும், அழுத்தம் வீழ்வதைப் பற்றியும் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினேன். “அப்ப பெரிய கம்பி போட்டா சரியாகுமா? அதை யார் போடணும்?” என்றாள் அடுத்ததாக. ஓமின் விதியிலிருந்து குடிமகளின் கேள்விக்கு அவள் வந்து சேர இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. அன்று எனக்கு என் தொழிலின் மீது மதிப்புக் கூடியது.

கைத்தொலைபேசியின் கதையும் இதுவே. 2020இலும் 2021இலும் நோய்த்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் இணையத்துக்கு மாறின. அப்போது மலையகத்துப் பிள்ளைகள் அலைவரிசை தேடி மலையுச்சிகளிலும் மரக்கிளைகளிலும் ஏறி அமர்ந்தார்கள். நாளிதழ்கள் அதை வியப்போடு படம் பிடித்துப் போட்டன. கருவி கையில் இருந்தது. அதை இயக்கும் கோபுரம் அவர்களை மனத்திற்கொண்டு நடப்படவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது, கொழும்பு மாடிவீடுகளில் இருந்தோரும் இருட்டின் சுவையை அறிந்தார்கள். லயத்து மக்கள் பழைய குப்பிகளைத் தேடி எடுத்தார்கள். அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை ஒரு லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியபோது, அந்தக் குப்பிக்கும் எண்ணெய் வாங்க முடியாமற் போயிற்று. அந்நியச் செலாவணி, கடன், வட்டி என்று பெரியவர்கள் தொலைக்காட்சியில் பேசிக்கொண்டிருந்தார்கள். அச்சொற்களும் விளக்கப்படவில்லை. விளக்கப்படாத பொருளாதாரம்தான் இந்நாட்டில் இன்று நடக்கும் மிகப் பெரிய மாயவித்தை.

மாத்தளை நகருக்கு வடக்கே, சற்றுத் தொலைவில் அலுவிகாரைப் பாறைக் குகைகள் உள்ளன. அதுவரை துறவியரின் நினைவில் மட்டும் வாழ்ந்த பௌத்த மறைநூல்கள் கி.மு. முதலாம் நூற்றாண்டில் அங்கேதான் ஏட்டில் எழுதப்பட்டன. பஞ்சமும் போரும் நினைவுடையோரை அழித்துவிட்டால் அறிவும் அழிந்துவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம் என்று வரலாறு சொல்கிறது. சமயத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அது ஒரு பெருஞ் செயல். சிலருடைய நெஞ்சில் இருந்த அறிவை, வாசிக்கத் தெரிந்த எவரும் எடுத்துக்கொள்ளும் பொருளாக அது மாற்றியது. அந்தப் பாறையைக் கடந்துதான் என் முன்னோர் மூட்டை சுமந்து நடந்திருப்பார்கள். உள்ளே என்ன நடந்ததென்று அவர்களுக்கும் எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாய்ப்புக் கிடைத்தால் இந்தப் பழைய படத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் சிரிக்கட்டும், சிரிப்பதற்குத்தான் அது எடுக்கப்பட்டது. படம் முடிந்ததும், அந்தக் கிழவனுக்குச் சிறுவன் சொல்லாமல் விட்ட விளக்கத்தை நீங்கள் சொல்வீர்களா என்று கேளுங்கள். ஒரு டோர்ச்சைக் கழற்றி மேசை மீது பரப்புங்கள். மின்கலம் எது, ஆளி என்ன செய்கிறது, இழை ஏன் சுடர்கிறது என்று அவர்களே கைபட்டுக் கண்டறியட்டும். பிறகு பாடத்தை அங்கேயே நிறுத்திவிடாமல், உக்குவளையில் சுழலும் சுழலியிலிருந்து தம் காம்பிராவின் மின்குமிழ் வரை அந்தக் கம்பி எந்த வழியாக வருகிறது, வர எத்தனை ஆண்டுகள் பிடித்தன, ஏன் பிடித்தன என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள பாட்டிமாரிடம் கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். மீதி விடையைத் தேடி அவர்கள் மின்சார சபைக்கும் தோட்டக் காரியாலயத்துக்கும் போக நேர்ந்தால், அவர்களோடு நாமும் போக வேண்டும்.